அதுபாட்டுக்குக் கிடக்கும்

"நாய்னா தொந்தரவு. ஒரு கினிப் பன்றி வாங்கிக் கொடுத்துடு, அதுபாட்டுக்குக் கூண்டுல கிடக்கும்." குழந்தையின் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால் அலுவலகத்தில் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள். 'அதுபாட்டுக்கு' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

கினிப் பன்றி பன்றியல்ல, கினி நாட்டிலிருந்து வந்ததுமல்ல. ஆண்டிஸ் மலைவாசிகள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இறைச்சிக்காகப் பழக்கிய கொறிவிலங்கு. பெருவில் அதன் பெயர் 'குய்'. மலைக்கிராமங்களில் இன்றும் சமையலறைத் தரையில் கூட்டமாக ஓடித் திரியும், குதிரைமசாலும் காய்கறித் தோலும் தின்னும், விசேஷத்தன்று அடுப்பேறும். "ஐயோ, அதையா தின்பாங்க?" என்று நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் தின்பவன் அதற்குக் கூட்டத்தைக் கொடுத்திருக்கிறான். கொஞ்சுகிற நாம் கொடுப்பது தனிச்சிறை.

சாப்பாட்டுக் கதை இன்னும் மோசம். நம்மைப் போலவே அதன் உடலாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இருவர் வெறும் தானியம் கொடுத்து வளர்த்தபோது அவற்றுக்கு ஸ்கர்வி வந்தது. கடைக்காரர் கட்டிக் கொடுக்கும் தானியப் பொட்டலத்தை மட்டும் போட்டு, அதே பரிசோதனையை நாம் பால்கனியில் நடத்துகிறோம். குறிப்பேடுதான் இல்லை. பல் வாழ்நாள் முழுக்க வளரும், தேய நாளெல்லாம் காய்ந்த புல் வேண்டும் என்பதையும் கடையில் யாரும் சொல்வதில்லை.

எனக்கும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மகளுக்காக ஒன்றே ஒன்று வாங்கினேன். சத்தமே போடாது. "எவ்வளவு சாது!" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். எட்டாவது மாதம் செத்துப்போனது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஐந்தாண்டுக்கு மேல் வாழும் பிராணி. இரையாவதற்கு அஞ்சி வாழும் இந்த இனம் நோவை மறைத்துக்கொள்ளும் என்று அப்புறம்தான் படித்தேன். நான் சாது என்று நினைத்தது சாது அல்ல.

சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி கினிப் பன்றியைத் தனியாக வளர்க்கக்கூடாது. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். "ரெண்டு வாங்கினா இருபதாகிடுமே?" இரண்டையும் பெண்ணாக வாங்குங்கள், கடைக்காரர் சொல்வதை நம்பாமல் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்யுங்கள். இரண்டுக்கு இடமோ நேரமோ இல்லையென்றால் ஒன்றுகூட வேண்டாம். குழந்தை இரண்டு நாள் அழும். அழட்டும்.