பகையும் பனிமலையும்

பேச்சு அற்றுப்போன பங்காளிகள் இருவர், பொதுக் கிணற்றில் மட்டும் முறை வைத்து நீர் இறைப்பதை நம் ஊர்களில் காணலாம். சிந்து நதியைப் பொறுத்தவரை இந்தியாவும் பாகிஸ்தானும் ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்தன.

1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப்கானும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். உலக வங்கி நடுவில் நின்றது. ராவி, பியாஸ், சட்லெஜ் நமக்கு. சிந்து, ஜீலம், செனாப் பெரும்பாலும் அவர்களுக்கு. பின்னர் 1965, 1971, 1999 என மூன்று முறை பீரங்கிகள் முழங்கின. ஒப்பந்தம் முறியவில்லை.

ஆயினும், நதியைப் பங்கிட்டவர்கள் அதைப் பெற்ற பனியை எண்ணிப் பார்க்கவில்லை. பருவநிலை மாற்றம் என்ற பேச்சே எழாத காலம் அது. அவர்களைப் பழித்துப் பயனில்லை. இன்றோ இமயத்தின் பனிப்பாறைகள் உருகுகின்றன. மழையும் முறை தவறிப் பெய்கிறது. 2022இல் பாகிஸ்தானில் வெள்ளம் 1,700 பேருக்கு மேல் பலி கொண்டது. மூன்று கோடிக்கும் அதிகமானோர் அல்லலுற்றனர்.

2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேர் கொல்லப்பட்டனர். மறுநாளே இந்தியா ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்தது. அந்தச் சினம் நியாயமற்றது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஜம்முவின் தாவி ஆறு பெருக்கெடுத்தபோது, வழக்கமான சிந்து ஆணையத்தை விடுத்து, இஸ்லாமாபாத்திலுள்ள நம் தூதரகத்தின் வழியே பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை சென்றது. மனிதாபிமானமே காரணம் என்றனர். நல்லது. அந்த மனிதாபிமானம் ஏன் அவ்வப்போதைய தயவாக இருக்க வேண்டும்? அணைகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வழக்காடட்டும். வெள்ள எச்சரிக்கையையும் பனிப்பாறை அளவீட்டையும் அந்த வழக்கிலிருந்து பிரித்து, தனி உடன்பாடாக எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

விடுதியில் இதைச் சொன்னபோது, "எதிரிக்கு எதற்கு எச்சரிக்கை?" என்றார் நண்பர் ஒருவர். நாமும் ஒருவருக்குக் கீழே இருப்பவர்கள்தாம் என்றேன். 2004இல் திபெத்தில் மலை சரிந்து பாரீச்சு ஆறு ஏரியாகத் தேங்கியது. சீனா நமக்குச் செய்தி தந்தது. 1962இல் நம்மோடு போரிட்ட அதே சீனாதான். 2005 ஜூனில் ஏரி உடைந்து, சட்லெஜ் வழியே வெள்ளம் இமாசலத்தில் பாய்ந்தது. பாலங்கள் போயின, ஆபத்தை முன்பே அறிந்திருந்ததால் கரையோர மக்கள் மேட்டுக்கு ஏறி உயிர் பிழைத்தனர்.

நண்பர் மறுக்கவில்லை. முழுவதும் ஒப்பவும் இல்லை.