ஏகூவின் ஓட்டமும் நம் ஊர்ச் சாலையும்



2018ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள், உலக மகளிர் தினத்துக்கு முந்தைய மாலை. தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஒரு கணவனும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் திருச்சி நோக்கி வந்தார்கள். கணவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. துவாக்குடி அருகே வாகனச் சோதனை நடந்துகொண்டிருந்தது. வண்டி நிற்காமல் போய்விட்டது என்று போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் ஒருவர் பின்னாலேயே துரத்திச் சென்றார். திருவெறும்பூரில் அவர்களை எட்டிப் பிடித்தவர், ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் காலால் உதைத்தார் என்பது குற்றச்சாட்டு. பின்னால் அமர்ந்திருந்த மனைவி சாலையில் விழுந்து இறந்துபோனார். அன்றிரவு ஆயிரக்கணக்கான மக்கள் திருச்சி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள், தடியடி நடந்தது, ஆய்வாளர் கைது செய்யப்பட்டார்.

தலைக்கவசம் இல்லாமல் ஓட்டியதற்கு அன்றைய சட்டப்படி முதல் முறை அபராதம் அதிகபட்சம் நூறு ரூபாய். அந்த நூறு ரூபாயை என்னால் மறக்க முடியவில்லை.

சென்ற மாதம் எங்கள் பங்கில் நடந்த ஓர் அன்பியக் கூட்டத்தில் இந்த நிகழ்ச்சி பற்றிய பேச்சு வந்தது. "அவர் வண்டியை நிறுத்தியிருக்கலாமே ஃபாதர்" என்றார் ஒரு பெரியவர். நியாயம்தான். சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. நிறுத்தாதது தவறு. ஆனால் அந்தத் தவறுக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. எண் பலகையைக் குறித்துக்கொண்டால் போதும். உரிமையாளர் யார், வீடு எங்கே என்பதெல்லாம் சில நொடிகளில் தெரிந்துவிடும். கேமரா எடுத்த படத்தை வைத்தே அபராதம் விதிக்கலாம் என்று 2021இல் விதியே செய்துவிட்டார்கள். தப்பி ஓடுகிறவன் கையில் குழந்தையைக் கடத்திக்கொண்டு போகிறான் என்றால் துரத்துவது வேறு. தலைக்கவசத்துக்காகத் துரத்துவது எதைக் காப்பாற்ற? தலைக்கவசச் சட்டம் வந்ததே அந்தத் தலையைக் காப்பாற்றத்தானே!

நான் கிராமப் பங்குகளிலேயே அதிக ஆண்டுகள் பணி செய்தவன். இரண்டு மூன்று கிளைக் கிராமங்களுக்குத் திருப்பலிக்குப் போய் இரவு ஒன்பது மணிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் திரும்புவது வழக்கம். அந்தச் சாலைகளை உங்களுக்கும் தெரியும். ஒன்றரை வண்டி அகலம். தார் முடியும் இடத்தில் அரை அடிப் பள்ளம், அதற்கப்பால் மணல், கருவேல முள். எதிரே முழு வெளிச்சம் போட்டுக்கொண்டு, நடுச் சாலையில், சைரனும் இல்லாமல் ஒரு ஜீப் வருகிறது என்று வையுங்கள். காரில் வருகிறவர் பிரேக் பிடிப்பார். இரண்டு சக்கரத்தில் வருகிறவருக்குத் தாரை விட்டு இறங்குவதைத் தவிர வழியில்லை. இறங்கினால் முன்சக்கரம் மணலில் வழுக்கும். மோதாமலேயே ஆள் விழுந்துவிடுவார். ஜீப்பில் ஒரு கீறல்கூட இருக்காது. பிறகு "தானே விழுந்தான்" என்று எழுதுவது எளிது.

வளைவில் புளிய மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு திடீரென்று சாலைக்குள் பாய்ந்து கையை நீட்டுவது, ஓடுகிற வண்டியின் சாவியைப் பிடுங்கப் பார்ப்பது, லத்தியைக் குறுக்கே நீட்டுவது இவையெல்லாமும் நாம் பார்த்தவைதான். அதைவிட எனக்குப் பயம் தருபவை இருட்டில் நிற்கும் இரும்புத் தடுப்புகள். ஏதோ ஒரு நகைக்கடையின் விளம்பரம் பகலில் பளிச்சென்று தெரியும். இரவில் ஒளிரும் பட்டை ஒன்றும் இருக்காது. பகலில் சோதனைக்கு வைத்ததை இரவில் ஓரமாக நகர்த்தி வைக்க யாருக்கும் நேரமில்லை.

2022ஆம் ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 உயிர்கள். இவற்றில் காவல் வாகனத்தால் போனவை மிகச் சிலவாகவே இருக்கும். பெரும்பாலானவை நம்முடைய வேகத்தாலும் குடியாலும் கவனக்குறைவாலும் போனவை. அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. ஆனால் திருடன் வீட்டில் புகுவதும் காவலாளியே புகுவதும் ஒன்றல்லவே.

அரசர்கள் இரண்டாம் நூலில் ஒரு சிறு காட்சி உண்டு. காவற்கோபுரத்தில் நிற்பவன் தூரத்தில் ஒரு படை வருவதைப் பார்க்கிறான். முகம் தெரியவில்லை, கொடி தெரியவில்லை. ஆனாலும் வருவது ஏகூ என்று சொல்லிவிடுகிறான். எப்படி? தேரை ஓட்டுகிற வெறியை வைத்து (2 அர 9:20). ஓட்டும் விதத்திலேயே ஆள் இன்னார் என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊரிலும் தெருவில் விளையாடும் பிள்ளைகள் வண்டியைப் பார்க்காமல் சத்தத்தை வைத்தே "போலீஸ் வருது" என்று ஓரம் கட்டுகிறார்கள். இதைப் பெருமையாக நினைக்கும் அதிகாரிகளையும் எனக்குத் தெரியும்.

ஆனால் சட்டம் இப்படியா சொல்கிறது? 2017இல் வந்த வாகன ஓட்டு விதிமுறைகள் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல் வண்டிகளுக்கு அவசர நேரத்தில் சில சலுகைகளைத் தருகின்றன. சைரனும் சுழல் விளக்கும் போட்டிருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஆபத்து வராமல் கவனத்தோடு போக வேண்டும். சலுகையே அந்த நிபந்தனையோடுதான் வருகிறது. டீ குடிக்கப் போகும்போது அது கிடையாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இன்னொரு படி மேலே போனது. இந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் உள்ளவர்களே அதை மீறினால் அவர்களுக்கு அபராதம் இரண்டு மடங்கு என்கிறது அதன் 210ஆ பிரிவு. தலைக்கவசத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தபோது நம் எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. இரண்டு மடங்கு விஷயம் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதை எழுதும்போது என் பங்கைச் சேர்ந்த ஒரு காவல்துறை ஓட்டுநரின் முகம் நினைவுக்கு வருகிறது. வீடு மந்திரிக்கப் போனபோது அவர் சொன்னது இது. "ஃபாதர், காலையில் ஏறினால் நடு ராத்திரிக்குத்தான் இறங்குவேன். நான் மெதுவாகத்தான் போவேன். பின்னால் உட்கார்ந்திருக்கிற ஐயா 'போ, போ' என்பார். மெதுவாகப் போனால் மறுநாள் வேறு டூட்டி. ஏதாவது ஆகிவிட்டால் ஐயா இறங்கிப் போய்விடுவார். ஸ்டீயரிங்கில் இருந்தவன் பெயர்தான் எழுதப்படும்." அவருடைய மனைவி ஒன்றும் பேசாமல் காபியைக் கொண்டுவந்து வைத்தார். இரவுப் பணியில் தூக்கமில்லாமல் விபத்தில் இறந்துபோகும் காவலர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் நாம் திருப்பலி ஒப்புக்கொடுத்திருக்கிறோம்.

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு உரிமையில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தேன். செங்கல் சூளையில் வேலை முடித்து இரவில் மோட்டார் சைக்கிளில் வந்த ஓர் இளைஞன், வளைவில் தவறான பக்கமாக வந்த ரோந்து ஜீப்புக்கு ஒதுங்கி வாய்க்காலில் விழுந்தான். இரண்டாம் நாள் மருத்துவமனையில் இறந்துபோனான். நிலைதடுமாறித் தானே விழுந்ததாக முதல் தகவல் அறிக்கை. பார்த்தவர்கள் இருந்தார்கள், ஆனால் யாரும் எழுதிக் கொடுக்க முன்வரவில்லை. அடக்கத்துக்கு முந்தைய நாள் காவல் அதிகாரி ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கள் சொன்னால் அந்தக் குடும்பம் கேட்கும் ஃபாதர்" என்றார். கொடியேற்றத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. தேர்ப்பவனிக்கு அனுமதியும் பந்தோபஸ்தும் அவர் கையில் இருந்தன. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை; நானும் பேசவில்லை. இருவருக்கும் தெரிந்திருந்தது.

நான் போய் அந்தத் தாயிடம் "அம்மா, போன உயிர் திரும்பி வராது. மன்னித்துவிடுங்கள். ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மன்னிக்கிறேன் சாமி. யாரை மன்னிக்கணும்? என் மகன்தான் தானா விழுந்தான்னு எழுதிட்டாங்களே. அவனையா மன்னிக்கணும்?" என்று கேட்டார். நான் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த ஆண்டு தேர்ப்பவனி சிறப்பாக நடந்தது.

2007ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று, குடிபெயர்ந்தோர் மற்றும் பயணிகளின் மேய்ப்புப் பணிக்கான திருப்பீட அவை, சாலைப் பயணிகளைப் பற்றி ஓர் ஏட்டை வெளியிட்டது. வாகன ஓட்டிகளுக்கான பத்துக் கட்டளைகள் என்று செய்தித்தாள்களில் வந்ததே, அதுதான். அப்போது பலர் அதைக் கேலி செய்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே படித்தவன்தான். கொலை செய்யாதே என்பது அதில் முதல் கட்டளை. வாகனத்தை அதிகாரத்தின், ஆதிக்கத்தின் அடையாளமாக்கக் கூடாது என்பது ஐந்தாவது. விபத்தில் பாதிக்கப்பட்டவர்களின் குடும்பத்துக்குத் துணை நிற்க வேண்டும் என்பது ஏழாவது. குற்றம் செய்த ஓட்டுநரையும் பாதிக்கப்பட்டவரையும் உரிய காலத்தில் சந்திக்க வைத்து மன்னிப்பின் விடுதலையை அவர்கள் உணரச் செய்ய வேண்டும் என்பது எட்டாவது. சாலையில் பலவீனமானவரைக் காக்க வேண்டும் என்பது ஒன்பதாவது.

நான் ஏழாவதைத் தாண்டி எட்டாவதுக்குப் போய்விட்டேன். "உரிய காலத்தில்" என்பதை அடக்கத்துக்கு முந்தைய நாள் என்று எடுத்துக்கொண்டேன். குற்றம் செய்தவர் வந்து நிற்கவே இல்லை. அவருக்காக வேறொருவர் வந்தார், அவருக்காக நான் போனேன். செய்தவர் 'நான் செய்தேன்' என்று சொல்லாத இடத்தில் மன்னிப்பு கேட்பது, காயத்தைத் திறந்து பார்க்காமலேயே கட்டுப் போடுவது போலத்தான். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவ அறிக்கையை விட்டுவிட்டு மன்னிப்பு ஆசீர் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. வெளியில் மட்டும் அதை எப்படிக் கொடுத்தேன்?

அன்று அந்தக் குடும்பத்துக்கு நான் சொல்லியிருக்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்குங்கள். அது உங்கள் உரிமை, கட்டணம் இல்லை. அரசு வாகனத்துக்குக் காப்பீடு கட்டாயமில்லை என்பதால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பதிலாக அரசே இழப்பீடு தர வேண்டியிருக்கும். அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதால் இன்று இப்படி நடந்தால் முப்பதாம் நாள் திருப்பலி முடியட்டும், ஓராண்டு நினைவு முடியட்டும் என்று தள்ளிப் போட வேண்டாம். மாநில மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் புகார் எழுதலாம். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை சிறை. சீருடை அணிந்தவருக்கு அதில் விலக்கு இல்லை. அடிபட்டவரைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்ப்பவர்களுக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் பாதுகாப்பு இருக்கிறது; பெயரைச் சொல்லும்படி அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் சாலையில் முதலில் விலகிப் போனவர் ஒரு குரு என்பதை (லூக் 10:31) நான் மறையுரையில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

யோர்தான் கரையில் படைவீரரும் திருமுழுக்கு யோவானிடம் வந்து தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள் (லூக் 3:14). வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், பொய்க் குற்றம் சுமத்தாதீர்கள், கிடைக்கிற ஊதியம் போதும் என்றிருங்கள் என்றார். நம் பங்குகளில் காவலர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் யோவானிடம் வந்தவர்களைப் போலக் கேட்க வருகிற இடமாக நம் ஆலயம் இருக்கிறதா, அல்லது பந்தோபஸ்து கேட்க நாம் போகிற இடமாக மட்டும் அவர்கள் இருக்கிறார்களா?

நம் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. புது மோட்டார் சைக்கிளை மந்திரிக்கக் கொண்டுவருகிறோம். மாலை போடுகிறோம், கைப்பிடியில் செபமாலை தொங்கவிடுகிறோம். தீர்த்தம் தெளித்து முடித்ததும் தலைக்கவசம் இல்லாமல் மூன்று பேராக ஏறிப் போகிறோம். பூசைக்குப் போகிறவனைப் போலீஸ் பிடிக்கலாமா என்று கோபம் வேறு! சோதனையைப் பார்த்ததும் சட்டென்று வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கம் ஓடுவதில் நம் இளைஞர்கள் கெட்டிக்காரர்கள். அந்தத் திருப்பத்தில்தான் பல விபத்துகள் நடக்கின்றன. நிறுத்துங்கள். ஆயிரம் ரூபாய்தானே. இனிமேல் தலைக்கவசம் இல்லாமல் வரும் வண்டியை நான் மந்திரிப்பதில்லை என்று எங்கள் பங்கில் அறிவித்திருக்கிறேன். இரண்டு குடும்பங்கள் கோபித்துக்கொண்டு பக்கத்துப் பங்குக்குப் போய்விட்டன.

எங்கள் இளைஞர் இயக்கத்தினர் இப்போது ஒரு வேலை செய்கிறார்கள். ஒளிரும் பட்டை இல்லாத தடுப்புகள் எங்கெங்கே நிற்கின்றன என்று ஊர் பெயரோடு எழுதி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்தார்கள். பதினொரு இடங்கள். நான்கு இடங்களில் பட்டை ஒட்டியாகிவிட்டது. மீதி ஏழுக்கு மறுபடியும் போகிறார்கள். அடுத்த மாதம் எங்கள் திருவிழா. அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அந்தத் தாய் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒவ்வோர் ஆண்டும் மாலையில் மகனுடைய கல்லறைக்கு மெழுகுதிரியோடு வருவாராம். இந்த ஆண்டு நானும் அங்கே போகிறேன்.