முதலாளி மாறினார், கூலி மாறியதா?

ராமன் ஆண்டால் என்ன, ராவணன் ஆண்டால் என்ன என்று லயத்தில் சிலர் சொல்வதுண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். தோட்டம் யார் கையில் என்பது நமக்கு முக்கியம். ஆனால் கை மாறினால் மட்டும் போதுமா?

பினாங்கு வெல்ட் கீ பக்கம் போனவர்கள் பௌஸ்டெட் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட வெள்ளைக்காரக் கம்பெனிகள்தாம் நாம் வெட்டின பாலைக் காசாக்கி லண்டனுக்கு அனுப்பின. கத்ரி கம்பெனியும் அப்படித்தான். 1821-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. 1981 செப்டம்பர் 7-ஆம் தேதி, லண்டன் பங்குச் சந்தையில் நாலு மணி நேரத்துக்குள் அதன் பங்குகளை வாங்கி, நம் நாட்டு பி.என்.பி. நிறுவனம் கம்பெனியையே கைப்பற்றியது. நல்ல காரியம். அந்நியன் சுரண்டலைத் தடுப்பது தேசியம், அதை வரவேற்கிறோம்.

ஆனால் மறுநாள் காலையில்? அதே பெரட்டு, அதே கத்தி, அதே நாட்கூலி! அந்த வருஷம் பி.என்.பி. தொடங்கிய பங்குத் திட்டம் பூமிபுத்ராக்களுக்கு மட்டும். இதற்காகக் கம்பத்து மலாய்க்கார ஏழைமேல் நமக்குக் கோபமில்லை, அவரும் உழைப்பாளிதான். லாபம் யாருக்கு, கூலி யாருக்கு என்று கேட்பதே இடதுசாரிக் கணக்கு. அதில் இனம் கிடையாது.

இது இங்கே மட்டும் நடந்ததல்ல. இலங்கையில் 1970-இல் அமைந்த ஆட்சியில் தோட்டத்துறை மந்திரியே இடதுசாரி, கொல்வின் ஆர். டி சில்வா. 1975-இல் கம்பெனித் தேயிலைத் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆனால் 1948 சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையகத் தமிழர் பலர் அப்போதும் நாடற்றவர்களே! நிலம் தேசத்துக்குள் வந்தது, உழைத்தவன் வெளியே நின்றான். இன்று நம் செம்பனைத் தோட்டங்களில் உழைக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களை நாம் அப்படி வெளியே நிறுத்தக்கூடாது.

கத்ரி நாட்டுக்கு வந்தது 1981. தீபகற்பத்தில் 900 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் நடப்புக்கு வந்தது 2013. இடையில் 32 வருஷம்! 2007-இல் கத்ரி, சைம் டார்பியோடு இணைந்தது. 2024-இல் அதன் தோட்டக் கம்பெனி எஸ்.டி. கத்ரி என்று பேர் மாற்றிக்கொண்டது. வெள்ளைக்காரன் பேர் திரும்பி வந்துவிட்டது. லயத்தைக் காலி செய்த எத்தனையோ குடும்பங்களுக்குச் சொந்த வீடு இன்னும் வரவில்லை.

ஆகவே தோழர்களே, "கம்பெனி நம் நாட்டுடையது" என்று மேடையில் யாராவது சொன்னால் கைதட்டுவோம். தட்டிவிட்டுக் கேட்போம்: லாபத்தில் எங்கள் பங்கு எங்கே? வேலை முடிந்தபின் வீடு யார் பேரில்?