விரலை எடுக்கும் முன்பே வாருங்கள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்தால் சர்க்கரை நோய் அடங்கும் என்ற விளம்பரம் கடியப்பட்டணம் வரைக்கும் வந்து சேர்கிறது. பொய்யில்லை. இரைப்பையைச் சுருக்கிய பலருக்கு மாத்திரை குறைகிறது, சிலருக்கு நின்றே போகிறது. ஆபத்தும் உண்டு, 2024 ஏப்ரலில் சென்னைத் தனியார் மருத்துவமனையில் இச்சிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார்.

நம் குடியிருப்புகளில் (‘காலனி’ என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025இல் அரசு அறிவித்தது, நோயை யாரும் நீக்கவில்லை) சர்க்கரை உள்ளவர்கள் பலர் மெலிந்த உடல்காரர்கள். குறைக்க எடை ஏது? நாம் அறிந்த அறுவை சிகிச்சை கால்விரலை எடுப்பதுதான். மரத்துப்போன காலோடு, பூட்ஸ் இல்லாமல் சாக்கடையில் இறங்குபவருக்குக் கண்ணாடிச்சில்லு குத்தியது தெரியாது. புண் நாறிய பிறகே ஆசாரிப்பள்ளத்துக்குப் பஸ் ஏறுகிறோம். எடுத்த விரலோடு கூலியும் போகிறது.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே தருகிறது. நல்ல திட்டம். ஆனால் கூலிக்குப் போகிறவர் பகலில் வீட்டில் இருப்பதில்லை. நம் தெருக்களுக்கு மாலையில் வரட்டும். மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் திரும்பாமல், பாதத்தைத் தொட்டுப் பார்க்கட்டும். துப்புரவுப் பணியாளருக்கு உள்ளாட்சி பூட்ஸ் கொடுக்கட்டும், இந்த மழைக்கு முன்பே.