எழுவாய் ஒன்றா, இரண்டா?

தாய்மொழியின் இலக்கணத்தைச் செவ்வனே அறிந்தவனுக்குப் பிறமொழி கற்றல் எளிது என்பர் அறிஞர். இக்கருத்தை மேடையில் ஏற்றுக்கொள்வோர் பலர். வகுப்பறையில் கடைப்பிடிப்போர் மிகச் சிலர். நம் கல்லூரிகளில் தமிழ் வகுப்பும் ஆங்கில வகுப்பும் ஒரே கூரையின் கீழ் நடைபெறினும், அவற்றிடையே ஒரு மதில் எழுந்து நிற்கிறது. அம்மதிலில் மோதி வீழ்வோர் மாணவரே. யான் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறி இக்கருத்தை விளக்க விழைகிறேன்.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், யான் விரிவுரையாளராகப் பணியேற்ற புதிதில் நிகழ்ந்தது இது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து போளூருக்கு இறங்கி வந்து, அங்கிருந்து கல்லூரிக்கு வந்த மாணவன் ஒருவன். தன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவனே. அவன் தந்தை திடீரென இறந்துபோனார். பத்து நாள் கழித்து வந்தவன், விடுப்புக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதி வந்தான். அதில் ஒரு தொடர்: ‘ஐ ஆம் சேட் டு டை மை ஃபாதர்’. கடிதம் வகுப்பில் உரக்கப் படிக்கப்பட்டது. வகுப்பே சிரித்தது. தந்தையை இழந்த துயரத்தைச் சொல்ல வந்த பிள்ளை, நகைப்புக்கு இடமானான்.

அடுத்த பாடவேளை என்னுடையது. அவன் தலை நிமிரவேயில்லை. “கவலைப்படாதே, தம்பி” என்று மட்டும் கூறிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினேன். அன்றைய பாடம் வினையெச்சம். அவன் பிழைக்குரிய மருந்து என் கையிலிருந்த நூலிலேயே இருந்தது; யான் அதனை எடுத்துக் கொடுக்கவில்லை. அப்பருவம் முடியுமுன் அவன் கல்லூரிக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். ஒரு தொடரால்தான் நின்றான் என்று யான் கூறேன், வறுமையும் காரணமாயிருக்கலாம். ஆயினும் அச்சிரிப்பொலி இன்றும் என் செவியில் ஒலிக்கிறது.

அப்பிழைதான் யாது? ஆங்கிலத்தில் மகிழ்ச்சி, வருத்தம், ஆவல், அச்சம் முதலியவற்றை உணர்த்தும் பெயரடைகள் பல. அவற்றின் பின் மற்றொரு வினையைச் சேர்க்க இரு வழிகள் உண்டு. ஒன்று, ‘டு’ என்பதோடு கூடிய எச்சம். மற்றொன்று, ‘தட்’ என்னும் சொல்லால் தொடங்கும் முழுத்தொடர். ‘ஐ ஆம் கிளாட் டு சீ யூ’ என்பதில் மகிழ்பவரும் காண்பவரும் ஒருவரே. அதனால் ‘டு’ வந்தது. ‘ஐ ஆம் சேட் தட் மை ஃபாதர் டைட்’ என்பதில் வருந்துபவன் மகன், இறந்தவர் தந்தை. எழுவாய் இரண்டு. அதனால் ‘தட்’ வேண்டும். எழுவாய் ஒன்றாயின் ‘டு’, இரண்டாயின் ‘தட்’. இவ்வகைப் பெயரடைகளுக்கு இதுவே அடிப்படை.

இது தமிழ் மாணவனுக்குப் புதிய செய்தியா? அன்று. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளை ஒன்பதாக வகுக்கிறது. பின்வந்த நன்னூல் பன்னிரண்டாக விரிக்கிறது. ‘செய்து’ முதலாய வாய்பாடுகள் தம் வினைமுதலையே கொண்டு முடியும் என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. ‘கண்டு மகிழ்ந்தேன்’ எனலாம். கண்டவனும் மகிழ்ந்தவனும் ஒருவனே. ‘என் தந்தை இறந்து வருந்தினேன்’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் கூறமாட்டான். ‘இறந்ததால் வருந்தினேன்’ என்றே கூறுவான். ஆறு வயதுக் குழந்தையின் நாவிலும் இவ்விதி இருக்கிறது. அம்மாணவனிடம், “தம்பி, தமிழில் ‘இறந்து வருந்தினேன்’ என்பாயா?” என்று ஒரு வினா தொடுத்திருந்தால் போதும். அவனே சிரித்திருப்பான்; பிறர் அவனைப் பார்த்துச் சிரித்திருக்க வேண்டுவதில்லை.

இதன் காரணமும் ஆராயத்தக்கது. வினைமுற்று, திணை பால் எண் இடம் காட்டும் விகுதியைத் தாங்கி நிற்கும். ‘வந்தான்’ என்றவுடன் வந்தவன் யாரென ஓரளவு விளங்கும். எச்சத்துக்கு அவ்விகுதி இல்லை. ஆதலின் தனக்குரிய எழுவாயை முடிக்கும் சொல்லிடமிருந்தே கடன் பெறுகிறது. ஆங்கில ‘டு’ எச்சமும் காலமும் எழுவாயும் காட்டாத வினையே. ‘தட்’ என்பதன் பின்னோ எழுவாயும் முற்றும் அமைந்த முழுத்தொடர் வரும். தமிழில் ‘என்று’ என்பதன் முன் முற்று வருவதைப் போல.

விதிக்குப் புறம்பானவையும் உள. ‘திஸ் ஹில் இஸ் ஹார்ட் டு க்ளைம்ப்’ என்கிறோம். மலை ஏறுவதில்லை; மனிதனே ஏறுகிறான். நோம் சாம்ஸ்கி 1960களில் எடுத்துக்காட்டிய இணைத்தொடர்கள் மொழியியல் மாணவர் அறிந்தவை: ‘ஜான் இஸ் ஈகர் டு ப்ளீஸ்’, ‘ஜான் இஸ் ஈஸி டு ப்ளீஸ்’. உருவில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், பொருளில் எதிரெதிர். தமிழில் கூறிப் பாருங்கள்: ‘ஜான் பிறரை மகிழ்விக்க ஆவலாயிருக்கிறான்’, ‘ஜானை மகிழ்விப்பது எளிது’. ஆங்கிலம் மறைத்ததை நம் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ உருபு வெளிச்சமிட்டுக் காட்டிவிடுகிறது. எளிது, அரிது, கடினம் என்னும் பொருளில் வரும் பெயரடைகளைக் கண்டால், மாணவன் மனத்துள் ‘ஐ’ அல்லது ‘இல்’ சேர்த்துப் பார்க்கட்டும், குழப்பம் தீரும்.

இனி ‘தட்’ குறித்து ஒரு சொல். அது சுட்டுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஆங்கிலேயன் ‘அது’ என்று முதலில் சுட்டி, பிறகு செய்தியைச் சொல்கிறான். நாம் செய்தியைச் சொல்லி, ‘என்று’ எனப் பின்னே முடிச்சிடுகிறோம். ‘என்’ என்னும் அடிக்குச் சொல்லுதல் என்பது பொருள். எங்கள் இல்லத்தில் முதியோர் பேசும் தக்னி உருதுவை இங்கு நினைவுகூர்கிறேன். வடபுலத்து உருதுவில் ‘கி’ என்னும் சொல் ‘தட்’ போலச் செய்திக்கு முன்னே நிற்கும். தென்னாட்டுத் தக்னியிலோ ‘போல்கே’ என்பது ‘என்று’ போலச் செய்திக்குப் பின்னே வரும். ‘போல்கே’ என்பதற்கும் ‘சொல்லி’ என்பதே பொருள். பள்ளி சென்றறியாத எம் பாட்டிமார், திராவிட மொழிகளின் முடிச்சை உருதுவில் இட்டு வழங்கினர். இரு மொழிகளை அருகருகே வைத்து வாழ்பவனுக்கு இலக்கணம் தானே கைவரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

“ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியேதான் கற்பிக்க வேண்டும், தமிழ் கலந்தால் தமிழ் நடையே ஆங்கிலத்தில் ஏறும்” என்பார் உளர். அச்சம் பொருளற்றதன்று. ‘ஹீ இஸ் பாசிபிள் டு கம்’ என எழுதும் மாணவர் இருக்கிறார்கள். ஆயின் அவர்கள் தமிழை எண்ணி எழுதுவது நம் தடையால் நிற்பதில்லை, மறைவில் நிகழ்கிறது. மறைவில் நிகழ்வதைத் திருத்த இயலாது. தமிழகம் வந்த சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரில் வெளியிட்ட தமிழ் இலக்கணம் இலத்தீன் மொழியில் அமைந்தது. தாம் அறிந்த மொழியைப் பிடித்துக்கொண்டே அவர் நம் மொழிக்குள் நுழைந்தார். பெயரடைகளின் பின் எவ்வமைப்பு வரும் என வகைப்படுத்தி 1954இல் நூல் செய்த ஏ. எஸ். ஹார்ன்பி, முன்னர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர்தம் அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. தமிழைப் போலவே வினையை இறுதியில் வைக்கும் மொழியினரின் இடர்ப்பாட்டை அருகிருந்து கண்டவர் அவர். கற்பவன் எங்கே நிற்கிறான் என்று அறியாமல் அவனுக்கு வழிகாட்டல் ஒல்லுமோ?

பாலம் அமைக்குங்கால் ஒரு காவலும் தேவை. ஆங்கிலத்தின் ‘இட் இஸ்’ தமிழுக்குள் நுழைந்து, ‘இது மகிழ்ச்சியானது, நீங்கள் வந்தது’ என்பன போன்ற தொடர்கள் பெருகுகின்றன. செய்தித்தாள்களில் எதனையும் ‘என்பது குறிப்பிடத்தக்கது’ என முடிக்கும் வழக்கமும் அவ்வாறே. குறிப்பிடத்தக்கது எனக் கருதுபவர் யார் என்பது அத்தொடரில் இல்லை. ‘நீங்கள் வந்ததில் மகிழ்ச்சி’ என்றால் குறைந்தா போகும்?

யான் வேண்டுவது பெரிதன்று. முதலாமாண்டு மாணவர்க்கு வாரம் ஒரு பாடவேளையேனும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வகுப்பில் ஒருங்கே நிற்கட்டும். வினையெச்சம் நடத்தும் நாளில் ‘டு’ பற்றியும், ‘என்று’ நடத்தும் நாளில் ‘தட்’ பற்றியும் பேசட்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டா. புதிய நிதி வேண்டா. ஆசிரியர் இருவர் மனம் ஒத்தால் போதும்.

மாணவச் செல்வங்களே! ஆங்கிலத் தொடர் ஒன்று உங்களை மிரட்டினால் அஞ்சற்க. ‘எழுவாய் ஒன்றா, இரண்டா?’ என்று தமிழில் கேளுங்கள். விடை உங்கள் நாவிலேயே இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வந்த அப்பிள்ளைக்கு அன்று யான் சொல்லத் தவறியதை, இன்று இம்மலரின் வழியே உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.