டக்ளஸ் வெறும் சாட்சியா?

பிரெடரிக் டக்ளஸின் வரலாற்றை நம்மவர் மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாணவர் கட்டுரைகளிலும் படித்திருக்கிறேன். அடிமையாய்ப் பிறந்தார், அடிபட்டார், நல்லுள்ளம் படைத்த வெள்ளைக்கார அம்மையார் எழுத்தறிவித்தார், தப்பி ஓடினார், ஆபிரகாம் லிங்கன் விடுதலை தந்தார் என்று கதை முடிந்துவிடுகிறது. கேட்போர் கண் கலங்குகின்றனர். கண்ணீரை வரவழைக்கும் இக்கதையில் டக்ளஸ் எங்கே இருக்கிறார் என்பதே என் வினா. சவுக்கடி பட்ட முதுகு இருக்கிறது. சிந்தித்த தலையைக் காணோம்.

எழுத்தறிவையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1818-இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்த டக்ளஸுக்குத் தாம் பிறந்த நாள் இன்னதென்றே தெரியாது. எட்டு வயதளவில் பால்டிமோர் நகரத்து வீடொன்றுக்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவி சோபியா ஆல்ட் நெடுங்கணக்கைக் கற்பிக்கத் தொடங்கியது உண்மையே. கணவர் ஹியூ ஆல்ட் தடுத்தார். படித்தவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றுப் போவான் என்றார். அம்மையார் கற்பிப்பதை நிறுத்தினார். பின்னர் பையன் கையில் செய்தித்தாளைக் கண்டால் பறிக்கவும் தொடங்கினார். நாம் பாராட்டும் கொடை பாதி வழியில் நின்றுபோன கொடை. பையனுக்கு உண்மையான பாடமாய் அமைந்தது ஆல்டின் தடையுரைதான். எசமானர் எதைக் கண்டு அஞ்சுகிறாரோ அதில்தான் தன் விடுதலை இருக்கிறது என்று அவன் கண்டுகொண்டான். தெருவில் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்துப் படிக்கக் கற்றான். பன்னிரண்டு வயதளவில் ஐம்பது சென்ட் கொடுத்து ‘கொலம்பியன் ஓரேட்டர்’ என்ற சொற்பொழிவுத் தொகுப்பை வாங்கினான். அடிமை ஒருவன் தன் எசமானரோடு வாதிட்டு வெல்லும் உரையாடல் அதில் உண்டு. அவன் முதலில் தேடிச் சென்றது இரக்கத்தையன்று, வாதத்தை.

1838 செப்டம்பரில் மாலுமி உடையணிந்து, இரவல் பெற்ற சான்றுத்தாளுடன் இரயிலேறித் தப்பினார். பணம் தந்து உதவியவர் அன்னா மர்ரே என்ற சுதந்திரக் கறுப்பினப் பெண். பின்னர் அவர் மனைவியானவர். நம் மேடைகளில் சோபியாவுக்கு இடமுண்டு, அன்னாவுக்கு இல்லை!

1841-இல் நான்டக்கெட் தீவில் அவர் பேச்சைக் கேட்ட அடிமை ஒழிப்பு இயக்கத்தார் அவரைத் தங்கள் சொற்பொழிவாளராக அமர்த்திக்கொண்டனர். அவர்கள் நல்லவர்களே. ஆயினும், நடந்ததை மட்டும் சொல், அதன் தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றனர். பேச்சில் தோட்டத்து வாடை சற்று இருக்கட்டும் என்றும் அறிவுரை கூறினர். ஆசிரியப் பெருமக்களே, இது நமக்குப் புதிதன்று. வறிய மாணவனிடம் அவன் துன்பத்தை எழுதச் சொல்லிவிட்டு, அத்துன்பத்தின் காரணத்தை அவன் ஆராயப் புகுந்தால் ‘தலைப்பை விட்டு விலகல்’ என்று சிவப்பு மையால் கோடிடும் வகுப்பறைகள் இன்றும் உள்ளன.

டக்ளஸ் அவர்கள் சொற்படி அடங்கவில்லை. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று ஐயுற்றோர்க்கு மறுமொழியாக, 1845-இல் எசமானர்களின் பெயர்களையும் ஊர்களையும் வெளிப்படையாகக் குறித்துத் தன்வரலாறு வெளியிட்டார். பிடிபடும் இடர் அதனால் கூடிற்று. கடல் கடந்து அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் சென்றார். தப்பிய வழியை மட்டும் அந்நூலில் சொல்ல மறுத்துவிட்டார். சொன்னால் பின்னால் வருவோர்க்கு அவ்வழி அடைபடும் என்பது அவர் கணக்கு. 1881-இல்தான் அதை விரிவாக எழுதினார். கேட்டதையெல்லாம் கொட்டிவிடும் சாட்சி இப்படிச் செய்வாரா?

1847-இல் ‘நார்த் ஸ்டார்’ என்ற சொந்த இதழைத் தொடங்கியபோது, இயக்கத் தலைவர் வில்லியம் லாயிட் காரிசன் அதை விரும்பவில்லை. அமெரிக்க அரசியல் சட்டம் பற்றிய கருத்து வேறுபாட்டால் 1851-இல் இருவரும் பிரிந்தனர். 1845-ஆம் ஆண்டு நூலுக்கு முன்னுரை காரிசனுடையது. 1855-இல் வந்த இரண்டாம் தன்வரலாற்றுக்கு அறிமுகவுரை எழுதியவர் ஜேம்ஸ் மெக்கூன் ஸ்மித் என்ற கறுப்பின மருத்துவர். அந்த இரு முன்னுரைகளுக்கும் இடைப்பட்ட பத்தாண்டை மாணவர்க்குச் சொல்லாமல் டக்ளஸைக் கற்பித்ததாக எவரும் சொல்லிக்கொள்ள வேண்டா.

இனி லிங்கன். அவர் டக்ளஸுக்கு விடுதலை தந்தார் என்பது முழுப்பிழை. பிரிட்டிஷ் நண்பர்கள் 150 பவுன் திரட்டிக் கொடுத்து, 1846 முடிவதற்குள் டக்ளஸ் சட்டப்படி சுதந்திர மனிதராகிவிட்டார். 1863-ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனமோ அவர் பிறந்த மேரிலாந்துக்குப் பொருந்தவே இல்லை. அம்மாநிலம் 1864-இல் தன் அரசியல் சட்டத்தால் அடிமைமுறையை ஒழித்தது. லிங்கனை டக்ளஸ் மதித்தார், ஆனால் எடை போட்டே மதித்தார். 1876 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டனில் லிங்கன் சிலைத் திறப்பு விழாவில், குடியரசுத் தலைவர் கிராண்ட் முன்னிலையில், லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் தலைவரே என்று சொல்லி, அதன்பிறகே அவர் செய்த நன்மையை விரித்துரைத்தார்.

அச்சிலையில் லிங்கன் நிற்கிறார். அவர் காலடியில் ஒரு கறுப்பின மனிதர் மண்டியிட்டிருக்கிறார். சிலைக்குப் பணம் கொடுத்தவர்கள் முன்னாள் அடிமைகள்; வடிவத்தைத் தீர்மானித்ததில் அவர்களுக்குப் பங்கில்லை. விழா முடிந்த சில நாட்களில் டக்ளஸ் ஒரு செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மனிதன் விலங்கைப் போல் மண்டியிடாமல் தன் காலில் நிமிர்ந்து நிற்கும் சிலை ஒன்றைத் தாம் சாகுமுன் காண வேண்டும் என்பது அதில் அவர் தெரிவித்த விருப்பம். ஆய்வாளர்கள் அக்கடிதத்தைப் பழைய தாளிலிருந்து மீண்டும் வெளிக்கொணர்ந்தது 2020-இல்.