கருவியும் சாதகமும்

"நல்ல கருவி வாய்த்தால் நானும் நன்றாக வாசிப்பேன்" என்பர் இளைஞருள் ஒருசாரார். "மின்சாரம் புகுந்த கருவியில் இசை ஏது?" என முகஞ்சுளிப்பர் முதியோருள் ஒருசாரார். இவ்விரு சாராரும் கருவிக்கு அளவுக்கு மிஞ்சிய ஆற்றலைக் கற்பிக்கின்றனர் என்பதே எமது கருத்து. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய ஜாஸ் இசையில் கிற்றார் வளர்ந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

ஜாஸ் குழுவில் ட்ரம்பெற்றும் சாக்ஸபோனும் முழங்கும்போது கிற்றாரின் மெல்லோசை அவையோர் செவிக்கு எட்டுவதில்லை. இக்குறையைத் தீர்க்கவே கருவி செய்வோர் முயன்றனர். கிப்சன் நிறுவனம் 1922 இல் வெளியிட்ட எல்-5 என்னும் கிற்றாரில் வட்டத்துளை நீங்கி, வயலினில் உள்ளவை போன்ற இரு நெடுந்துளைகள் அமைந்தன. அதன் ஓசை கூர்மையுற்றது; எனினும் பெரும்பாலும் தாளத்துக்குத் துணைநிற்கவே அது பயன்பட்டது. அந்நிறுவனமே 1936 இல், தந்தியின் அதிர்வைக் காந்தத்தாலும் கம்பிச்சுருளாலும் மின்னோட்டமாக மாற்றும் ஈ.எஸ்-150 என்னும் கிற்றாரை விற்பனைக்கு விட்டது.

இக்கருவியுடன் 1939 இல் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்தவர் சார்லி கிறிஸ்டியன். சாக்ஸபோனுக்கு நிகராகக் கிற்றாரும் தனித்து நின்று கற்பனை விரித்துப் பேசக்கூடும் என அவர் காட்டினார். 1942 இல், தமது 25 ஆவது வயதில், அவர் காலமானார். மின்சாரம் அவர் இசையைக் கெடுக்கவில்லை. அவரிடம் இருந்த இசையை மன்றத்தின் கடைசி வரிசை வரை கொண்டு சென்றது. ஆயினும் அக்கருவியை விலைக்கு வாங்கிய அனைவரும் கிறிஸ்டியன் ஆகிவிடவில்லை.

மறுபுறம், கவுண்ட் பேசியின் குழுவில் 1937 முதல் 1987 வரை ஏறக்குறைய ஐம்பதாண்டு வாசித்த ஃபிரெடி கிறீன், மின்கருவியை நாடாது தாளத்தைக் காத்து நின்றார். தம் பணிக்கு எது வேண்டும் என அறிந்தவர் அவர்.

கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக்கேட்டே பயின்றவர் வெஸ் மொன்ற்கொமரி. அவர் இசைக்குறியீடு வாசிக்கக் கற்றவரல்லர். பகலில் தொழிற்சாலையில் உழைத்து, இரவில் விடுதிகளில் வாசித்தார். அயலார் உறக்கம் கலையாதிருக்க, மீட்டும் தகட்டை விடுத்துப் பெருவிரலால் மீட்டிப் பழகினார் என்பர். அப்பெருவிரலின் மென்மையே பின்னர் அவர்தம் முத்திரையாயிற்று. இதனை எந்தத் தொழிற்சாலை செய்து தரும்?

கிற்றாரில் ஒரே சுரம் பல தந்திகளில், பல இடங்களில் ஒலிக்கும். எவ்விடத்தை எவ்விரலால் தொட்டால் அடுத்த சுரத்துக்கு இயல்பாகச் செல்லலாம் என்பதைக் கையும் செவியும் நாள்தோறும் சேர்ந்து தேடியே அறிதல் வேண்டும். விரைவை விடுத்து, ஒரு சிறு தொடரை மெல்ல வாசித்து, பன்னிரு சுருதிகளிலும் அதனைப் பெயர்த்துப் பழகுதல் நன்று.

கருவியின் தரம் பொருட்டன்று என யாம் கூறவில்லை. தந்திகள் விரற்பலகையினின்று மிக உயர்ந்து நின்றால் பயில்வோன் விரல் நோவான். கழுத்து வளைந்திருந்தால் சுருதி பிசகும். இவ்விரு குறையும் இல்லாத எளிய கருவியே தொடக்கத்துக்குப் போதுமானது. பெற்றோர் பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய கருவி சுவரில் தொங்கித் தூசி படிவதைக் காட்டிலும், எளிய கருவியொன்று நாளும் அரைமணி நேரம் ஒலிப்பது மேலன்றோ? எம் கல்லூரியின் இளையோர் விலைப்பட்டியலை மூடிவைத்துச் சாதகத்தைத் தொடங்குவாராக.